முள் குத்திய இலை

வேங்கைக்காட்டில் எய்யனார் என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். அவர் முதுகில் ஒரு முள் குறைவு. அந்த ஒரு முள்ளைப் பற்றி அவர் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

சங்கதி இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைமழை விழுந்ததும், யானைக்கூட்டம் அந்தக் காட்டுக்கு வரும். பத்து நாள் தங்கும். அந்தப் பத்து நாளும் யானைத்தடம் முழுக்கச் சாணி விழும். சாணிவண்டுகள் அதை உருட்டிக்கொண்டு போய் அதற்குள் முட்டை வைக்கும். மிச்சத்தை முயல்களுக்குக் கொடுக்கும். முயல்கள் அதை உரமாகப் போட்டு வெள்ளரிக்கொடி வளர்க்கும். வெள்ளரிக்காயை அணில் தின்னும், குரங்கு தின்னும், கரடி மகாராசாவும் தின்பார். காடு முழுக்க அந்தச் சாணியில்தான் பிழைத்தது.

இருபது வருஷத்துக்கு முன் ஒற்றைக் காது அறுந்த ஓநாய் ஒன்று யானைத்தடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. "யார் உருட்டினாலும் பாதி எனக்கு!" என்றது. வண்டுகள் அழுதன. எய்யனார் அழவில்லை. சின்னப் பிராணிகளைத் திரட்டி, பதினோரு நாள் தடத்தை மறித்து உட்கார்ந்தார். "உழைப்பவனுக்கே உருண்டை!" என்று தொண்டை கிழிய முழங்கினார். ஓநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

கரடி மகாராசா இறங்கி வந்து சட்டம் போட்டார். சட்டத்தின் வாசகத்தை எய்யனாரே சொல்லச் சொல்ல எழுதினார்கள். இனி முள் குத்திய இலை இல்லாமல் யாரும் யானைத்தடத்துச் சாணியைத் தொடக்கூடாது. உழைப்பவனுக்கு மட்டுமே இலை.

"முள்ளுக்கு எங்கே போவது?" என்று கேட்டார் மகாராசா.

எய்யனார் தன் முதுகிலிருந்து நீளமான முள்ளொன்றை இழுத்துப் பிடுங்கி, ரத்தம் சொட்டச் சொட்ட நீட்டினார். அந்த முள்ளைப் பத்திரமாக வைத்திருக்கவும் இலை குத்தவும் ஓர் உடும்பு நியமிக்கப்பட்டது.

அந்த ரத்தத்தின் நிறத்தை எய்யனார் வெள்ளிக்கிழமைதோறும் வேங்கைமரத்தடியில் விவரிப்பார். கேட்கிற கூட்டம்தான் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது.

இந்த வருஷம் யானைகள் வந்து ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. கேட்க வந்தவை இரண்டு ஆமைகளும் ஓர் ஓணானும். ஆமைகள் தூங்கிவிட்டன. ஓணான் தலையாட்டியது. அது சும்மாவே தலையாட்டும்.

அப்போது உருட்டாயி என்ற சாணிவண்டு ஓர் உருண்டையைத் தள்ளிக்கொண்டு வந்து எய்யனாரின் காலடியில் நிறுத்தினாள்.

"எய்யண்ணே, இதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க."

தட்டினார். 'டக்' என்றது.

"கல்லா தாயி?"

"சாணி! ஆறு நாளைக்கு முன்னாடி வெண்ணெயாட்டம் இருந்துச்சு."

"அப்பவே குழிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே?"

"இலை வேணுமே! உங்க முள் குத்தின இலை! தொட ஒரு இலை. உருட்ட ஒரு இலை. யானைத்தடத்தைத் தாண்ட ஒரு இலை. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் ஆகும்னு உடும்பு ஐயா சொல்றாரு. சாணியில ஈரம் இருக்கிறதே ஒரு பொழுதுதான். காய்ஞ்ச சாணியில நான் எப்படிண்ணே முட்டை வைப்பேன்? போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு. இந்த வருஷமும் பிள்ளை இல்லேன்னா என் குழியோட என் குலமும் மூடிடும்."

எய்யனார் தொண்டையைச் செருமினார். "சட்டம் நல்ல சட்டம், தாயி! நடத்துறவன்தான் சரியில்லை. ஒரு கண்டனக் கூட்டம் போடுவோம்."

"கூட்டம் போட்டா ஈரம் திரும்பி வருமா? நான் ஆத்துக்கு அக்கரைக்குப் போறேன்."

எய்யனாரின் முள்ளெல்லாம் விறைத்து நின்றது. "அக்கரையா! அனுமதிச் சீட்டே இல்லாத காடு அது! அங்கே ஓநாய்க்குத்தான் சுதந்திரம்! உன்னை உருண்டையோட சேர்த்து முழுங்கிடுவான்!"

"போய்ப் பார்த்திருக்கீங்களா?"

"மரப்பட்டைப் பிரசுரத்தில் படிச்சிருக்கேன்."

"எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார் எய்யனார்.

"அப்போ வாங்க, பார்த்துட்டே வந்துடுவோம். நீங்க எழுதினது நிசம்னா நான் இங்கேயே கிடந்து காய்ஞ்ச சாணியைக் கடிச்சுக்கிறேன்."

தன் எழுத்தின் மேல் எய்யனாருக்கு நம்பிக்கை அதிகம். உருட்டாயியை முதுகு முள்ளுக்கு நடுவே உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருதமரத்தின் மேல் நடந்து, மறுநாள் அக்கரை சேர்ந்தார்.

அக்கரையில் எருமைக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வண்டுகள் அங்குமிங்கும் உருட்டிக்கொண்டு ஓடின. எய்யனார் ஒரு கொழுத்த வண்டை நிறுத்தினார்.

"தம்பி, இலை வாங்கிட்டியா?"

"எதுக்கு? பசிக்குதா உங்களுக்கு?"

"சாணியைத் தொட அனுமதி யாரு கொடுத்தா?"

"எருமைதான்!" என்று சொல்லிவிட்டு வண்டு ஓடியது. உருட்டாயி முதுகில் இருந்தபடியே சிரித்தாள்.

ஆற்றோரம் ஒரு பாறை இருந்தது. அதில் மூன்றே வரி கீறியிருந்தது. 'தண்ணீரைக் கெடுக்காதே. அடுத்தவர் உருட்டியதைப் பிடுங்காதே. மீறினால் யாராயிருந்தாலும் அன்றைக்கே சேற்றில் நில்.'

"இவ்வளவுதானா சட்டம்?" என்று பாறைமேல் உட்கார்ந்திருந்த தவளையிடம் கேட்டார் எய்யனார்.

"இதுக்கு மேல எழுதினா ஆருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றது தவளை.

பாறைக்குக் கீழே சேற்றில் ஓர் ஓநாய் கழுத்தளவு புதைந்து நின்றது. எய்யனாரைப் பார்த்து உறுமியது. "என்ன முள்ளு, வேடிக்கையா? நான் யார் தெரியுமா? என் மாமா யார் தெரியுமா?"

"உன் மாமா நேத்துத்தான் நின்னுட்டுப் போனாரு. பேசாம நில்லு!" என்றது தவளை.

சேற்றில் நிற்கும் ஓநாயைப் பார்த்ததில் எய்யனாருக்குத் தேன் குடித்தது போலிருந்தது. கூடவே உள்ளே ஏதோ நெருடியது. தன் காட்டில் இருபது வருஷத்தில் ஓர் ஓநாயையாவது சேற்றில் பார்த்ததுண்டா? இல்லை. விரட்டியதோடு சரி. விரட்டியது எங்கே போனது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

தோற்றுப்போக மனமில்லாமல் அவர் அந்தக் காட்டில் குறை தேடினார். மாலைக்குள் ஒன்று கிடைத்தது. புதரடியில் கால் ஒடிந்த கீரி ஒன்று வயிறு ஒட்டிப் படுத்திருந்தது.

"பார்த்தியா தாயி! பசி! இங்கேயும் பசி இருக்கு!" என்று உற்சாகமாகக் கூவினார்.

கீரி தலையைத் தூக்கிப் பார்த்தது. "பசிதான் ஐயா. அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்? ஓட முடியாதவனை இந்தக் காடு திரும்பிப் பார்க்கிறதில்லை. அது இவங்க குத்தம்தான். நீங்க இங்கே வந்து ஒரு சண்டை போட்டீங்கன்னா நான் படுத்தபடியே கோஷம் போடுவேன். ஆனா என் பொண்ணு காலையில இரை தேடப் போனா உச்சிக்குள்ள வந்துடுறா. நடுவுல யாரும் கையை நீட்டி மறிக்கிறதில்லை."

எய்யனார் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "தலைவரே! சௌக்கியமா?"

ஒரு கிழட்டு வண்டு. அதன் பின்னால் இன்னும் இருபது முப்பது வண்டுகள். எல்லாம் வேங்கைக்காட்டு முகங்கள்.

"பதினோரு நாள் உங்க பக்கத்துல உட்கார்ந்தவன் நான். மழையில ஒரே இலைக்குக் கீழே நனைஞ்சோமே!" என்றது கிழட்டு வண்டு.

"இங்கே எதுக்கப்பா வந்தே?"

"உருட்டத்தான் தலைவரே."

வண்டுகள் அவரை அன்போடு விசாரித்தன. முதுகு வலி தேவலையா என்று கேட்டன. எருமைச் சாணியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, மரியாதைக்கு அவர் முன் வைத்தன. அந்த அன்பு ஒவ்வொன்றும் அவரைக் குத்தியது. இத்தனை பேரைக் குத்திப் பழக்கப்பட்டவருக்குக் குத்துப்படுவது புதிது.

"நான் இங்கேயே இருந்துடுறேண்ணே" என்றாள் உருட்டாயி.

எய்யனார் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார். "யானைங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கும். பத்தாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள ஈரச் சாணி உன் குழிக்கு வந்து சேரணும். சேரலேன்னா நானே உன்னை முதுகில சுமந்து இங்கே கொண்டாந்து விடுறேன். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை பேச மாட்டேன்."

"பேசவே மாட்டீங்களா?"

"பேசவே மாட்டேன்."

உருட்டாயி உடனே ஒப்புக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் முழுக்க நடந்து, பத்தாம் நாள் காலையில் அவர்கள் வேங்கைக்காடு திரும்பினார்கள். எல்லை மரத்தடியில் பெருங்கூட்டம். காடுகளை அளக்கும் மரங்கொத்தி வந்திருந்தது.

சுற்றுவட்டாரத்தில் ஒன்பது காடுகள். மரங்கொத்தி வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றாகப் போய், அந்தக் காட்டில் தொழில் செய்ய எவ்வளவு சுதந்திரம் என்று அளக்கும். சுதந்திரம் கூடினால் எல்லை மரத்தில் துளை கூடும். பத்துத் துளைக்கு மேல் கிடையாது. துளை கூடிய காட்டில்தான் செழிப்பும் கூடும் என்று அது எல்லாக் காட்டிலும் சொல்லிவந்தது. வேங்கைக்காட்டுக்குப் போன வருஷம் இரண்டே துளை. கரடி மகாராசாவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

ஆகையால் இந்த வருஷம் அவர் முன்கூட்டியே சீர்திருத்தம் செய்திருந்தார். எல்லை மரத்தில் இலைச் சட்டங்கள் அடி முதல் நுனி வரை கீறியிருந்தன. பட்டையோடு எல்லாவற்றையும் செதுக்கி எடுத்து, உடும்பின் வளைக்குள் அடுக்கச் சொல்லிவிட்டார். மரம் வழுவழுவென்று நின்றது.

"விதிகள் எத்தனை?" என்று கேட்டது மரங்கொத்தி.

"மரத்தைப் பாருங்கள்! ஒன்றுகூட இல்லை!" என்றார் மகாராசா.

மரங்கொத்தி மரத்தில் கால் வைத்தது. வழுக்கியது. "அற்புதம்! தொழில் செய்பவர் யாரையாவது விசாரிக்கலாமா?"

"இதோ, எங்கள் காட்டின் பெரிய சாணி வியாபாரி!"

குத்திய இலைகளைக் கிளை உயரத்துக்கு மெத்தையாகக் குவித்து, அதன் மேல் ஒன்று சாய்ந்திருந்தது. உடம்பு பளபளத்தது. ஒரு காது அறுந்திருந்தது. எய்யனார் எட்டிப் பார்த்தார். அதே ஓநாய்!

"தடையா? எனக்கா?" என்று சிரித்தது ஓநாய். "நான் கேட்கிறதுக்கு முன்னாடியே இலை என் குகைக்கு வந்துடுதுங்க! இதைவிடச் சுதந்திரம் ஒன்பது காட்டிலும் கிடையாது."

மரங்கொத்தி மனம் குளிர்ந்து கொத்தத் தொடங்கியது. டொக், டொக், டொக்.

"நிறுத்துங்க!" என்று எய்யனார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். "இந்த ஓநாயை நான் விரட்டினேன்!"

"விரட்டினீங்க தலைவரே, மறக்கலே" என்றது ஓநாய் பணிவாக. "மேற்கால போனேன், வடக்கால வந்தேன், வரிசையில நின்னு இலை வாங்கினேன். உங்க சட்டம் ரொம்ப நல்ல சட்டம். முன்னாடி பாதிதான் கிடைச்சுது. இப்போ வண்டுங்களுக்கு இலை வர்றதுக்குள்ள சாணி மொத்தமும் எனக்கு வந்துடுது."

"உழைக்கிறவனுக்குத்தானே இலை!"

"நான் உழைக்கிறவன்னு தனியா ஒரு இலை வாங்கி வச்சிருக்கேனே. காட்டவா?"

எய்யனார் மரங்கொத்தியை அண்ணாந்து பார்த்தார். "ஐயா, இந்த வண்டை ஒரு வார்த்தை கேளுங்க!"

"மன்னிக்கணும். கிளை உயரத்தில் இருப்பவர்களைக் கேட்பதுதான் என் முறை. குனிந்தால் கழுத்து வலிக்கிறது" என்றது மரங்கொத்தி. எட்டுத் துளை போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் பறந்தது. மகாராசா துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

எய்யனார் நேரே உடும்பின் வளைக்குப் போனார். உருட்டாயி பின்னாலேயே ஓடினாள்.

"என் முள்ளைக் கொடு!"

"தாராளமாக," என்றது உடும்பு, முள்ளை நெஞ்சோடு அணைத்தபடி. "முள் திரும்பப் பெறும் இலையைக் கொண்டுவாருங்கள்."

"அந்த இலையை யார் குத்துவா?"

"இந்த முள்தான்."

"அப்போ குத்து!"

"இயலாது. இந்த முள்ளைத் திரும்பக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். விசாரணை முடியும்வரை இதனால் எதையும் குத்தக்கூடாது."

எய்யனார் முள்ளின் மறுமுனையைக் கவ்வி இழுத்தார். உடும்பின் பிடி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இழுத்தார், இழுத்தார், மல்லாக்க விழுந்தார். விழுந்த வேகத்தில் முதுகிலிருந்து நாலைந்து முட்கள் கழன்று கலகலவென்று உருண்டன.

உருட்டாயி அந்த முட்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எய்யண்ணே, உங்ககிட்ட இருந்தது அந்த ஒரு முள்தானா?"

எய்யனார் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தார். இருபது வருஷமாகப் போன முள்ளைப் பற்றியே பேசினவர், மிச்சம் எத்தனை என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"சட்டம் என்ன சொல்லுது?" என்று மெதுவாக எழுந்தார். "முள் குத்தின இலை வேணும்னு சொல்லுது. எந்த முள்ளுன்னு சொல்லலே! யாரு குத்தணும்னும் சொல்லலே! எனக்குத் தெரியாதா? அதைச் சொன்னவனே நான்தானே!"

உச்சிப்பொழுதுக்குள் அவர் முதுகு காலியானது. வண்டுக்கு ஒன்று, அணிலுக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று. வண்டுகளுக்கு ஒரு முள்ளைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஆளாளுக்கு இலையைக் குத்திக்கொண்டு யானைத்தடத்துக்கு ஓடின. ஆமைகள்கூட விழித்துக்கொண்டன.

உடும்பு தடத்தில் நின்று ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. துளை சரியாக இருந்தது. அதே முதுகு, அதே முள், அதே துளை. "போகலாம்" என்றது. அடுத்த இலை. "போகலாம்." மாலைக்குள் அதற்குக் கை கடுத்துவிட்டது. பிறகு பார்க்காமலே "போகலாம், போகலாம்" என்றது.

ஓநாய் ஊளையிட்டது. "அநியாயம்! இப்படிக் கண்டவனுக்கும் திறந்துவிட்டா ஏழை எளியதுகளுக்கு யார் பாதுகாப்பு?"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி யானை தடத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. உருட்டாயி ஆவி பறக்கும் உருண்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஓநாய் ஒரே பாய்ச்சலில் அதன் மேல் காலை வைத்தது.

"இது என்னோடது!"

எய்யனார் குறுக்கே போய் நின்றார். ஒரு முள்கூட இல்லாமல், உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தார். ஓநாய் விழுந்து விழுந்து சிரித்தது. "தலைவரே, இந்தக் கோலத்துல என்னை என்ன செய்வீங்க?"

"அடுத்தவர் உருட்டினதைப் பிடுங்காதே!" என்று கீச்சுக் குரலில் கத்தினாள் உருட்டாயி. அக்கரைப் பாறையை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

ஓநாயின் சிரிப்பு பாதியில் நின்றது. சுற்றிலும் கலகலவென்று சத்தம். புதருக்குப் புதர், கல்லுக்குக் கல், முட்கள் நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு முதுகில் இருந்தவரை அவற்றை ஓநாய் சுற்றிப் போயிருக்கலாம். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

அன்று பொழுது சாயும்போது ஓநாய் குட்டையில் கழுத்தளவு சேற்றில் நின்றது. "என்கிட்ட இலை இருக்கு! எல்லாம் முறையா குத்தின இலை!" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. உருட்டாயியின் உருண்டை ஈரம் குறையாமல் குழிக்குள் இறங்கியது.

மறுவருஷம் மரங்கொத்தி வந்தது. எல்லை மரத்தில் அக்கரைப் பாறையின் அதே மூன்று வரி கீறியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தது.

"போன வருஷம் ஒரு விதியும் இல்லை. இந்த வருஷம் மூன்று வரி! பெரிய வியாபாரி எங்கே?"

"குகையில் இருக்கிறார். கோபமாக இருக்கிறார்" என்றார் மகாராசா அழாக்குறையாக.

"சுதந்திரம் சரிந்துவிட்டது!" என்று மரங்கொத்தி நாலு துளையோடு நிறுத்திக்கொண்டது. மரத்தடியில் உருட்டாயியின் ஒன்பது பிள்ளைகள் உருண்டைக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. முயல்கள் வெள்ளரிக்காயை மலையாகக் குவித்திருந்தன. அக்கரைக்குப் போன வண்டுகளில் பாதி திரும்பியிருந்தன. மரங்கொத்தி எதையும் பார்க்கவில்லை. கழுத்து வலி.

எய்யனாருக்கு முள் அரைவிரல் நீளம் முளைத்திருந்தது. வெள்ளிக்கிழமைப் பேச்சையும் விடவில்லை. இப்போது பேசுவது முள்ளைப் பற்றியல்ல. இரண்டு கரையிலும் கால் ஒடிந்து கிடப்பவர்களுக்குக் குவியலில் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்கிறார். அக்கரைக் கீரி படுத்தபடியே கோஷம் போடுகிறதாம்.

ஒரு நாட்டின் சுதந்திரத்தையும் செழிப்பையும், கேட்காமலே இலை கிடைக்கிற பெரியவனை விசாரித்து அளக்காதீர்கள்; ஈரம் காய்வதற்குள் உருண்டையை வீடு சேர்க்க ஓடுகிற சின்னவனைக் குனிந்து கேட்டு அளந்து பாருங்கள்.